நம்பரைப் பார்க்கும் கண்



உங்கள் வீட்டுக்கு ஒரு நாள் அரசாங்க முத்திரையிட்ட உறை ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு படம். உங்கள் மோட்டார் சைக்கிளும் அதன் நம்பரும் பளிச்சென்று தெரிகின்றன. ஓட்டுகிறவரின் முகம் தெரியவில்லை. தேதி, மணி, இடம், வேகம் எல்லாம் ஒன்றுவிடாமல் அச்சாகியிருக்கின்றன. அடியில், இத்தனை வெள்ளி கட்ட வேண்டும் என்ற அறிவிப்பு.

"நான் அந்தப் பக்கமே போகவில்லையே!" என்கிறார் வீட்டுக்காரர். "அன்றைக்குத் தம்பிதானே வண்டியை எடுத்துக்கொண்டு போனான்?" என்று அடுப்படியிலிருந்து பதில் வருகிறது. பிறகு வீட்டில் நடப்பதை நான் எழுத வேண்டியதில்லை.

சாலையோரக் கம்பத்தில் நின்று நம்மைப் படம் பிடிக்கும் இந்தக் கருவியைப் பற்றித் தோட்டத்தில் பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள். பணம் பறிக்கும் பெட்டி என்பார்கள் சிலர். மோட்டார் சைக்கிளை அது பிடிக்காது என்பார்கள் வேறு சிலர். இது எங்கிருந்து வந்தது, எப்படி வேலை செய்கிறது, நம் குடும்பத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போமா?

பந்தய வீரர் செய்த கருவி

வேகத்தைப் பிடிக்கும் கேமராவைப் பரப்பியவர் ஒரு போலீஸ்காரர் என்று நினைத்தால் அது தவறு. அவர் ஒரு கார்ப்பந்தய வீரர். பெயர் மௌரிஸ் கேட்சோனிடஸ். டச்சுக்காரரான இவர் பிறந்தது நமக்கு அண்டையில் இருக்கும் ஜாவாத் தீவில், 1911ஆம் ஆண்டில். 1953இல் புகழ்பெற்ற மொண்டி கார்லோ கார்ப்பந்தயத்தில் முதலாவதாக வந்தார்.

வளைவுகளில் தாம் எத்தனை வேகத்தில் திரும்புகிறோம் என்று துல்லியமாகத் தெரிந்துகொண்டால் இன்னும் வேகமாக ஓட்டலாமே என்று அவர் யோசித்தார். அதற்காகச் செய்த கருவிதான் பிறகு போலீசாரின் கைக்குப் போனது. 1958இல் அவர் தொடங்கிய நிறுவனத்தின் கேமராக்கள் பல நாடுகளின் சாலைகளில் ஏறி நின்றன. தாம் செய்த கருவியில் தாமே அகப்பட்டு அபராதம் கட்டியதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். வேகமாக ஓடுவதற்குப் பிறந்த கருவி, வேகத்தை அடக்கும் கருவியாக மாறிய கதை இது.

லாரி ஹாரனும் ராடாரும்

ராடார் என்றதும் பயந்துவிட வேண்டாம். அதன் இரகசியம் நம் காதுக்கே தெரியும். சாலையோரம் நிற்கும்போது ஒரு லாரி ஹாரனை அழுத்தியபடியே நம்மைக் கடந்து போகிறது. நெருங்கி வரும்போது சத்தம் கீச்சென்று உயர்ந்தும், தாண்டிப் போனதும் கனத்து இறங்கியும் கேட்கிறது அல்லவா? ஹாரன் ஒன்றுதான், லாரி ஓடுவதால் நம் காதுக்கு அப்படி மாறி ஒலிக்கிறது. இந்த உண்மையை 1842இல் விளக்கியவர் ஆஸ்திரியா நாட்டு அறிஞர் டாப்ளர்.

ராடார் கருவி சத்தத்துக்குப் பதில் ரேடியோ அலையை அனுப்புகிறது. அந்த அலை ஓடும் வண்டியின் மேல் பட்டுத் திரும்பும்போது சற்று மாறியிருக்கும். எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைக் கணக்கிட்டால் வண்டியின் வேகம் தெரிந்துவிடும். இரண்டாம் உலகப் போரில் எதிரியின் விமானத்தைக் கண்டறிய உதவிய இந்த வித்தை, போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே அமெரிக்கச் சாலைகளுக்கு வந்துவிட்டது.

இன்று போலீசார் கையில் பிடித்து நிற்கும் கருவிகளில் லேசர் ஒளி பயன்படுகிறது. ஒரு கண் சிமிட்டும் நேரத்துக்குள் பல முறை ஒளியை அனுப்பி, வண்டி எவ்வளவு தூரம் நெருங்கியிருக்கிறது என்று அளந்துவிடும். கூட்டத்தில் ஒரே ஒரு வண்டியைக் குறிவைத்து அளக்க இது ஏற்றது. சிவப்பு விளக்குக் கேமராவின் முறை வேறு. விளக்கு சிவப்பாக இருக்கும்போது வண்டி கோட்டைத் தாண்டினால், அதை உணர்ந்து கேமரா படம் எடுத்துவிடும்.

"கேமராவுக்கு முன்னால் மட்டும் பிரேக் பிடித்தால் போதும்" என்று சில இளைஞர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதற்கும் ஒரு வழி கண்டுவிட்டார்கள். சாலையில் இரண்டு இடங்களில் கேமரா வைத்து, முதல் கேமராவைக் கடந்த நேரத்தையும் இரண்டாவதைக் கடந்த நேரத்தையும் ஒப்பிடுவார்கள். இடையில் 10 கிலோமீட்டர் என்றும் வேக வரம்பு 90 என்றும் வைத்துக்கொண்டால், அதைக் கடக்க 6 நிமிடம் 40 விநாடியாவது ஆக வேண்டும். ஐந்தே நிமிடத்தில் வந்து சேர்ந்தவர் 120இல் வந்திருக்கிறார் என்பது ஆறாம் ஆண்டுக் கணக்கு. சிங்கப்பூரில் தானா மேரா கோஸ்ட் சாலையில் 2018 முதல் இந்த முறை நடப்பில் இருக்கிறது.

நம் நாட்டுக்கு வந்த கதை

மலேசியாவில் தானியங்கிக் கேமராத் திட்டம் 2012 செப்டம்பரில் தொடங்கியது. ஏ.இ.எஸ். என்று எல்லாருடைய வாயிலும் அடிபட்டது இதுதான். பேரா, சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய இடங்களில் முதலில் 14 கேமராக்கள் வைத்தார்கள். நாடு முழுவதும் 831 கேமராக்கள் வைப்பது திட்டம். அவற்றில் 566 வேகத்தைப் பிடிக்க, 265 சிவப்பு விளக்கை மீறுவோரைப் பிடிக்க. அபராதம் 300 வெள்ளி.

மக்கள் கொதித்தெழுந்தார்கள். கேமராக்களை இரண்டு தனியார் நிறுவனங்கள் நடத்தியதுதான் முக்கியக் காரணம். சட்டத்தைக் காப்பது அரசாங்கத்தின் வேலை; அதில் தனியாருக்கு இலாபம் எதற்கு என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. அந்த ஆண்டு முடிவதற்குள் நீதிமன்ற வழக்குகள் நிறுத்திவைக்கப்பட்டன. அபராதம் பின்னர் 150 வெள்ளியாகக் குறைந்தது. 2017இல் திட்டத்தின் பெயர் 'அவாஸ்' என்று மாறியது. மலாய்மொழியில் இந்தச் சொல்லுக்கு எச்சரிக்கை என்று பொருள். 2018இல் அரசாங்கமே கேமராக்களை ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் ஜே.பி.ஜே. என்னும் சாலைப் போக்குவரத்து இலாகா அவற்றை நடத்தத் தொடங்கியது. அப்போது கட்டப்படாமல் கிடந்த 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட பழைய சம்மன்கள் தள்ளுபடி செய்யப்பட்டன.

தள்ளுபடி என்றதும் மகிழ்ந்தவர்கள் பலர். ஆனால் ஒழுங்காகக் கட்டியவர்கள், "அப்படியானால் கட்டிய நாங்கள்தான் ஏமாளிகளா?" என்று கேட்டார்கள். ஆண்டுதோறும் கழிவு கொடுத்துக் கொடுத்து, 'இப்போது கட்டாதே, பொறுத்திரு' என்ற பழக்கத்தை நம்மவர்களிடம் வளர்த்துவிட்டார்கள். இதை மாற்றத்தான் சீக்கிரம் கட்டுகிறவருக்கே கூடுதல் கழிவு என்ற முறைக்கு அரசாங்கம் வந்தது.

பணம் பறிக்கவா, உயிர் காக்கவா?

இரண்டு வெள்ளிக்குக் கணக்குப் பார்க்கும் குடும்பங்கள் நாம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதை 26 நாளுக்குப் பங்கிட்டால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 65 வெள்ளி. 150 வெள்ளி அபராதம் என்பது வெயிலில் செம்பனைக் குலை வெட்டிய இரண்டு நாளுக்கு மேற்பட்ட உழைப்பு. 300 என்றால் நாலரை நாள். வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் மாண்டவர்கள் 7,152 பேர். 2019இல் 6,167 பேர். நாளொன்றுக்கு 17 பிணங்கள்! கொவிட் காலத்தில் வண்டிகள் வீட்டில் நின்றதால் எண்ணிக்கை குறைந்தது. பிறகு மறுபடியும் 6,000த்தைத் தாண்டிவிட்டது. மாண்டவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு முதலில் கிடைக்கும் வாகனமும் அதுதானே?

கேமரா வைத்தால் சாவு குறையுமா? 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, பல நாடுகளில் நடந்த 35 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. கேமரா வைத்த இடங்களின் சுற்றுவட்டாரத்தில், உயிர்ச்சேதமும் படுகாயமும் ஏற்படுத்திய விபத்துகள் நூற்றுக்கு 11 முதல் 44 வரை குறைந்திருந்தன. பிரான்ஸ் நாட்டில் 2002இல் 7,000 பேருக்கு மேல் சாலையில் இறந்தார்கள். 2003 அக்டோபரில் தானியங்கிக் கேமராக்களை வைக்கத் தொடங்கினார்கள். குடித்துவிட்டு ஓட்டுவோர் மீதும் கடும் நடவடிக்கை எடுத்தார்கள். 2006இல் இறந்தோர் தொகை 5,000த்துக்குக் கீழே வந்துவிட்டது. பிரான்சின் மக்கள்தொகை நம்முடையதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

கேமராவிடம் இன்னொரு குணமும் உண்டு. அது காப்பிக் காசு கேட்காது. பெரிய மனிதரின் காரையும் நம் வீட்டுக் கப்சாயையும் ஒரே கண்ணால்தான் பார்க்கும். ஏழைக்கு ஒரு சட்டம், பணக்காரனுக்கு ஒரு சட்டம் என்று நொந்துகொள்ளும் நாம் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு விநாடியில் எவ்வளவு தூரம்?

வேகம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு விளங்கவைக்க, எங்கள் பள்ளித் திடலில் ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கொண்டு கயிறு பிடித்து அளக்கச் சொன்னேன். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். 90 என்றால் 25 மீட்டர். கிட்டத்தட்ட மூன்று வகுப்பறை நீளம். ஒருவன் ஒரு கோடியில் நின்று ஒரு தடவை கைதட்டினான். அந்த ஒரு தட்டலுக்குள் வண்டி திடலின் மறுகோடியில் இருக்கும் கொய்யா மரத்துக்குப் போய்விடும் என்றேன்.

எதிரே ஒரு மாடு வருகிறது. கண் பார்த்து, மூளைக்கு எட்டி, கை பிரேக்கைப் பிடிக்க ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். அதுவரை வண்டி அதே வேகத்தில்தான் ஓடும் என்று விளக்கினேன். அப்போது ஒரு சிறுமி கேட்டாள்: "சார், அந்த ஒரு விநாடி வண்டியை யார் ஓட்டுவது?"

பெரியவர்களும் யோசிக்க வேண்டிய கேள்வி. பிரேக் பிடித்த பிறகும் கதை முடிவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் வண்டி நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும். 30இல் வந்தபோது 5 மீட்டரில் நின்ற வண்டி, 60இல் வந்தால் 20 மீட்டர் கேட்கும். மழை பெய்து, சாலையில் செம்மண் சேறு படிந்திருந்தால் அதைவிட அதிகம் கேட்கும்.

சரி, வேகமாகப் போய் மிச்சப்படுத்துவது எவ்வளவு? தோட்டத்திலிருந்து பட்டணம் 20 கிலோமீட்டர் என்றால், 80இல் போகிறவர் 15 நிமிடத்தில் சேருவார். 100இல் போகிறவர் 12 நிமிடத்தில் சேருவார். மூன்று நிமிடம்! ஒரு காப்பி ஆறும் நேரம்கூட இல்லை.

வண்டி யார் பெயரில் இருக்கிறது?

இனிச் சொல்லப்போவதைத் தாய்மார்களும் கவனமாகப் படியுங்கள். கேமரா பார்ப்பது நம்பரை. அந்த நம்பர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான் சம்மன் போகும். ஓட்டியவர் யார் என்று அதற்குத் தெரியாது. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, ஓட்டியவர் யார் என்று கேட்டால் விவரம் தர வேண்டியது உரிமையாளரின் கடமை.

நம் தோட்டங்களில் நிலைமை என்ன? அப்பா பெயரில் வண்டி. ஓட்டுவது மகன், மருமகன், பக்கத்து வீட்டுப் பையன். அல்லது யாரிடமோ பழைய வண்டியைக் கைக்காசு கொடுத்து வாங்கி, கிராண்டில் பெயர் மாற்றாமலே வருடக்கணக்கில் ஓட்டுகிறோம். இன்னும் ஒன்று. தோட்டம் விற்கப்பட்டு, லயங்கள் இடிபட்டு, பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடியேறியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் ஜே.பி.ஜே. பதிவில் இருப்பது இன்னமும் அந்தப் பழைய லயத்து முகவரி. சம்மன் இடிந்த வீட்டைத் தேடிப் போகிறது. நமக்கோ ரோட் டேக்ஸ் புதுப்பிக்கப் போகும் அன்றுதான் விஷயம் தெரிகிறது.

ஆகவே இவற்றைச் செய்யுங்கள். வண்டியை வாங்கினாலும் விற்றாலும் தாமதிக்காமல் பெயர் மாற்றுங்கள். விற்றவருக்கும் இது முக்கியம். புதியவர் செய்த தவறு உங்கள் வீட்டுக்கு வரும். வீடு மாறினால் முகவரியையும் மாற்றுங்கள். நம்பர் பிளேட்டை மடிப்பதும் மறைப்பதும் தனிக் குற்றம். ஒரு சம்மனுக்குத் தப்பப் போய் இன்னொன்றை வாங்காதீர்கள்.

கைத்தொலைபேசிக்கு 'உங்களுக்குச் சம்மன் இருக்கிறது, இதை அழுத்துங்கள்' என்று வரும் செய்தியை நம்பி அழுத்தாதீர்கள். அதில் வங்கிக் கணக்கையே துடைத்துவிடும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். சந்தேகமிருந்தால் ஜே.பி.ஜே. அலுவலகத்திலோ போலீஸ் நிலையத்திலோ கேளுங்கள். மைஜேபிஜே செயலியைத் திறந்து பார்க்கப் படித்த பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால் அதுவும் போதும்.

கேமரா இல்லாத இடத்தில்

கேமரா நல்லது செய்கிறது என்று சொன்னேன். ஆனால் அதனால் முடியாததும் உண்டு. அது யாரையும் தடுத்து நிறுத்துவதில்லை. படத்தை எடுத்துக் கடிதத்தை அனுப்புகிறது. அந்தக் கடிதத்தை யாரும் மதிக்காவிட்டால் என்ன ஆகும்?

2025 ஜூன் 9ஆம் தேதி அதிகாலையில், கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஒரு பேருந்து கவிழ்ந்தது. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த 15 மாணவர்கள் மாண்டார்கள். ஆசிரியர்களை உருவாக்கும் பல்கலைக்கழகம் அது. ஓட்டுநர் மீது ஏற்கெனவே 18 சம்மன்கள் இருந்ததாகப் போலீசார் தெரிவித்தார்கள். பதினெட்டு முறை காகிதத்தில் எழுதியும் பேருந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓட்டுநர், முதலாளி, இலாகா என்று ஒவ்வொருவரும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். கேமரா வைத்ததோடு கடமை முடிந்தது என்று அரசாங்கமும் இருந்துவிடக் கூடாது.

நம் பக்கத்துக்கு வருவோம். தோட்டத்துச் செம்மண் சாலை பெரிய சாலையில் போய்ச் சேரும் முச்சந்தியில் எந்தக் கேமராவும் இல்லை. விடியுமுன் பெரட்டுக்கு ஓடுகிறவர்களும், பள்ளிக்கு மூன்று பிள்ளைகளை ஏற்றிப் போகிறவர்களும், குலை ஏற்றிய லாரிகளும் சந்திக்கும் இடம் அது. அங்கே நம்பரைப் பார்க்க ஆளில்லை. ஆனால் வண்டியை எடுக்கும் பிள்ளையை வீட்டில் நாம் பார்க்கிறோமே!

பதினாறு வயது நிரம்பாத பிள்ளையின் கையில் சாவியைக் கொடுக்காதீர்கள். வயது வந்ததும் முதல் வேலையாக லைசென்ஸ் எடுக்க வையுங்கள். வசதி குறைந்த குடும்பங்களுக்கு உதவ மைலெசன் என்ற திட்டத்தை அரசாங்கம் நடத்தி வந்திருக்கிறது. உங்கள் வட்டாரத்தில் இப்போது இடம் இருக்கிறதா என்று ஜே.பி.ஜே.யில் விசாரியுங்கள். தலைக்கவசத்தைக் கூடையில் போட்டு ஓட்டினால் அது தலையைக் காக்காது. மாட்டி, வாரைப் பூட்டச் சொல்லுங்கள். பின்னால் உட்காரும் சின்னப் பிள்ளைக்கும் அளவான கவசம் வாங்குங்கள். முச்சந்தியில் காலை ஊன்றி நின்று, இரு பக்கமும் பார்த்த பிறகே ஏறச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவசரத்தைக் குறையுங்கள். பெரும்பாலான வேகத்துக்குக் காரணம் வீட்டை விட்டுத் தாமதமாகக் கிளம்புவதுதான். இரவே பள்ளிப் பையையும் காலணியையும் எடுத்து வைத்து, காலையில் பத்து நிமிடம் முன்னதாகப் பிள்ளைகளை எழுப்பினால், அந்த மூன்று நிமிடத்துக்காக யாரும் முறுக்கிக்கொண்டு ஓட வேண்டியிராது.

இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் உங்கள் வண்டியின் கிராண்டை எடுத்துப் பாருங்கள். யார் பெயர் இருக்கிறது, எந்த முகவரி இருக்கிறது என்று பாருங்கள். பிறகு அந்த வண்டியை ஓட்டுகிற மகனையோ மகளையோ பக்கத்தில் உட்காரவைத்து, 25 மீட்டர் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள்.